போத்தலுக்குள் ஒரு புலி

சென்ற மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பாடசாலை விட்டு மாணவர் யாவரும் கலைந்த பின்னர், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் மாத்திரம் ஆய்வுகூட வாசலில் தயங்கி நின்றான். கையில் ஒரு துணிப்பை. பெட்டிக்கடைகளில் இனிப்பு வைத்து விற்பார்களே, அத்தகைய பெரிய கண்ணாடிப் போத்தல் ஒன்றை அதற்குள்ளிருந்து மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தான். மூடியில் ஆணியால் இட்ட ஐந்தாறு துளைகள். உள்ளே, காய்ந்த பன்னாடைத் துண்டொன்றின்மேல், என் உள்ளங்கையை விரித்து வைத்தாற்போன்ற ஒரு சிலந்தி.

நான் இரண்டடி பின்வாங்கினேன் என்பதை ஒளிப்பதற்கில்லை. விலங்கியல் கற்பிப்பவனுக்கும் கால்கள் சில வேளைகளில் அறிவைக் கேளாமலே நடந்துவிடுகின்றன.

“சேர், இதை வளர்க்கலாமா?” என்றான் பையன். நான் விடை சொல்லுமுன் குரலைத் தாழ்த்தி, “வளர்க்க ஏலாவிட்டால், விற்கலாமா?” என்றும் கேட்டான்.

அவனுடைய தந்தையார் முந்தலுக்கு அப்பாலுள்ள ஒரு தென்னந்தோட்டத்தில் தேங்காய் பறிக்கும் தொழிலாளி. அத்தோட்டத்தின் கோடியில், தலையிழந்து வெறுந்தண்டாய் நிற்கும் பட்ட தென்னை ஒன்றில், மரங்கொத்தி குடைந்த பொந்து இருக்கிறது. அதற்குள்ளேதான் இது குடியிருந்ததாம். தந்தையார் கொக்கத்தடியால் அடிக்க ஓங்கியபோது மகன் தடுத்து, போத்தலில் ஏற்றிவிட்டான். தடுத்தது இரக்கத்தினால் மட்டுமன்று. இத்தகைய சிலந்திகளுக்கு வெளிநாடுகளில் நல்ல விலை உண்டென்றும், உயிருடன் கொடுத்தால் கொழும்பில் ஒருவர் பணம் தருவாரென்றும் அவனுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. சொல்லப்பட்ட தொகை, அவன் தந்தையார் பல நாள் வெயிலில் நின்று உழைத்துப் பெறுங் கூலி.

இரண்டு கேள்விகளுக்கும் அன்று மாலை நான் சொன்ன விடை அரைகுறையானது. அதனால் இந்த வாரப் பகுதியை அவற்றிற்கே ஒதுக்குகிறேன். ஊர்க்குருவிகளையும் களப்பு நாரைகளையும் பற்றிப் படித்துப் பழகிய நேயர்கள், குறிப்பாகத் தாய்மார், சிறிது பொறுத்தருள வேண்டும்.

முதலில் விருந்தாளியை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தமிழில் புலிமுகச் சிலந்தி என்றும் புலிச்சிலந்தி என்றும் இதனைக் கூறுவர். சிங்களத்தில் ‘திவி மகுளுவா’, அதாவது சிறுத்தைச் சிலந்தி. வலை பின்னி அதன் நடுவே காத்திருக்கும் வீட்டுச் சிலந்தி போன்றதன்று இது. பகலெல்லாம் மரப்பொந்தில் மறைந்திருந்து, இருட்டிய பின் வாசலுக்கு வந்து, அருகே செல்லும் கரப்பான், வெட்டுக்கிளி முதலிய பூச்சிகளைப் பாய்ந்து பற்றும். ஒருவேளை சிறு பல்லியும் அகப்படலாம். மேலிருந்து பார்த்தால் மரப்பட்டையின் சாம்பல் நிறம், நிற்குமிடம் தெரியாது. சீண்டினாலோ முன்னங்கால்களை உயரத் தூக்கும். அப்போதுதான் அவற்றின் அடிப்புறத்திலுள்ள பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமான பட்டைகள் தெரியும். வேங்கையின் பெயர் அதற்கு வந்தது சும்மாவன்று.

இந்தியாவிலும் இலங்கையிலும் அன்றி உலகில் வேறெங்கும் இந்தப் பேரினம் இயற்கையாக வாழ்வதில்லை. விஞ்ஞானிகள் இதனைப் பொயிசிலோத்தீரியா என்பர். புள்ளி படைத்த விலங்கு என்ற பொருள்பட 1885இல் பிரெஞ்சு அறிஞர் சீமோன் கிரேக்கச் சொற்களால் ஆக்கிய பெயர் அது. பையன் கொண்டுவந்தது அவ்வினங்களுள் ‘பசியாத்தா’ எனப்படுவது போலத் தோன்றிற்று. இலங்கையின் வரண்ட, இடைத்தரமான தாழ்நிலக் காடுகளிலும் தென்னந்தோட்டங்களிலும் வாழ்வது. எங்கள் சிலாபம், புத்தளம் பக்கத்துத் தென்னைகள் அதற்குப் பிறந்த வீடு என்று சொல்லலாம்.

இதன் படம் ஐரோப்பாவுக்குச் சென்ற கதை சுவையானது. ஆம்ஸ்டர்டாம் நகரில் அல்பேர்ட்டஸ் சேபா என்றொரு மருந்து வணிகர் இருந்தார். கீழைத்தேசங்களிலிருந்து கப்பல்கள் வந்து சேரும்போது மாலுமிகளிடம் விசித்திரமான பாம்பு, சங்கு, பூச்சி முதலியவற்றை வாங்கிச் சேர்ப்பது அவருக்கு ஒரு பித்து. ஒரு முறை சேர்த்ததை ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்கு விற்றுவிட்டு, மறுபடியும் சேர்க்கத் தொடங்கினார். அந்தச் சேகரிப்பைப் படங்களாக 1734 முதல் பெரிய நூல்களாக வெளியிட்டார். அதிலே இலங்கையின் மிகப் பெரிய சிலந்தி என்று ஒன்று வரையப்பட்டுள்ளது. அதனை ஆதாரமாகக் கொண்டே லத்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர் 1804இல் இவ்வினத்திற்குப் ‘பசியாத்தா’ எனப் பெயரிட்டார். சேபா வாழ்ந்த காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் பல ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. கறுவாவும் பாக்கும் ஏறிய கப்பல்களில் ஒரு சிலந்தியும் ஏறியிருக்கிறது. முந்தல் களப்பையும் புத்தளம் களப்பையும் இணைத்து ஒல்லாந்தர் பெயரால் இன்றும் கிடக்கும் கால்வாயைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு இப்போது இந்த நினைவு வருகிறது. ஆக, நம் ஊர்ச் சிலந்திக்கு வெளிநாட்டிலே விலையிருப்பது நேற்றைய புதுமையன்று.

இன்றைய புதுமை, உயிருடன் வேண்டுமென்று கேட்பது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நாய் பூனை வளர்ப்பதுபோலப் பெருஞ்சிலந்தியும் தேளும் வளர்ப்போர் ஆயிரக்கணக்கானோர் உள்ளனர். அவர்களுக்குச் சங்கங்கள் உண்டு, சஞ்சிகைகள் உண்டு, கண்காட்சிகளும் பரிசுகளும் உண்டு. பெருஞ்சிலந்திகளை அவர்கள் ‘டரண்டுலா’ என்பார்கள். அந்தப் பெயரே ஓர் ஆள்மாறாட்டம். இத்தாலியின் தென்கோடியில் தரந்தோ என்றொரு பட்டினம் உண்டு. அங்கு வயலிலே சிலந்தி கடித்தால் விஷம் இறங்கும்வரை வாத்தியம் முழங்க ஆடவேண்டும் என்று முற்காலத்தார் நம்பினர். தரந்தெல்லா என்ற நடனத்தின் பெயரும் அவ்வூர்ப் பெயரோடு உறவுடையதே. அந்தச் சிலந்தி நடுத்தர அளவுடைய வேறொரு வகை. பின்னாளில் ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்திலே மயிர் அடர்ந்த பெரிய சிலந்திகளைக் கண்டு மிரண்டபோது, தெரிந்த பயங்கரப் பெயரைத் தெரியாத பிராணிக்கு ஒட்டிவிட்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் இன்று அந்தப் பெயரைச் சுமக்கின்றன.

வளர்க்கும் முறையைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஒரு கண்ணாடிப் பெட்டி; அதில் சிறிது மண்ணும் ஒரு மரப்பட்டையும்; ஒரு சிறு தட்டில் தண்ணீர்; வாரத்துக்கு இரண்டொரு பூச்சி. அவ்வளவே. குரைக்காது; உலாத்தப் போக வேண்டுமென்று அடம்பிடிக்காது; வீட்டுக்காரர் இரண்டு வாரம் ஊருக்குப் போனாலும் பட்டினியால் மெலிந்துவிடாது. உணவின்றி மாதக்கணக்கில் இருக்கக்கூடிய பிராணிகள் இவை. இவற்றைக் கையில் எடுத்து வருடுவோரும் உளர். ஆயினும் தேர்ந்தவர்கள் அதனைச் செய்வதில்லை. மேசை உயரத்திலிருந்து விழுந்தாலே சிலந்தியின் வயிறு வெடித்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் செய்வதெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பது.

அப்படி என்னதான் பார்க்க இருக்கிறது என்று கேட்கலாம். சட்டையுரித்தல் ஒன்று போதும். சிலந்திக்கு எலும்பு வெளியேதான். வளர வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியே ஆகவேண்டும். மல்லாந்து படுத்து, மேலோட்டை மூடிபோல் திறந்து, எட்டுக் கால்களையும் பழைய உறைகளிலிருந்து ஒவ்வோர் அங்குலமாக இழுத்தெடுக்கும். பல மணிநேரம் பிடிக்கும் வேலை. முன்பு ஒரு கால் முறிந்திருந்தால், சட்டையுரித்த பின் அந்த இடத்தில் சிறியதாய் ஒரு புதுக்கால் இருக்கும். கழற்றிய சட்டை, உயிருள்ள இரட்டைப்பிறவிபோல் பக்கத்தில் கிடக்கும்.

புலிமுகச் சிலந்தியின் குடும்பமும் பார்க்கத் தக்கதே. பெரும்பாலான சிலந்திகள் தனிமை விரும்பிகள். உடன்பிறந்தாரைக் கண்டால் உணவாகக் கொள்வன. இந்த இனத்திலோ, குஞ்சுகள் தாயின் பொந்திலேயே பல காலம் கூடி வாழும். ஆணுக்கு ஆயுள் குறைவு. பருவமடைந்ததும் பொந்தை விட்டுப் பெண் தேடிப் புறப்பட்டு, அலைந்து, ஓராண்டளவில் மடிந்துபோகும். நம் வீட்டுச் சுவரிலே திடீரென்று தோன்றி வீட்டாரைக் கதிகலங்க வைப்பது பெரும்பாலும் இந்த மாப்பிள்ளைதான். பெண்ணோ பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஒரே பொந்தில், ஒரே மரத்தில். இந்தக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் தேவைப்படும்.

தேள் வளர்ப்போரையும் சொல்லிவிடுகிறேன். மேற்கு ஆபிரிக்காவின் கானா, டோகோ நாடுகளில் வாழும் ‘சக்கரவர்த்தித் தேள்’ என்ற பெருங்கருந்தேள் அவர்களுடைய செல்லம். பார்வைக்கு இயமன், கொட்டினால் விஷம் சொற்பம். நம் நாட்டு நட்டுவக்காலியும் ஏறக்குறைய அப்படியே. தேள்களில் ஒரு பொது விதி உண்டு: கொடுக்கிகள் பருத்து வால் மெலிந்திருந்தால் விஷம் பொதுவாகக் குறைவு, கொடுக்கிகள் மெலிந்து வால் தடித்திருந்தால் எட்டி நிற்க வேண்டும். உருவத்தைக் கண்டு உலகம் அஞ்சுவதும் உண்மையான ஆபத்தும் எதிர்த்திசையில் நிற்பது இங்கேதான்.

தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. வெண்ணிறக் குட்டிகள் யாவும் தாயின் முதுகில் ஏறி அமர்ந்து, முதற் சட்டை உரியும்வரை இறங்குவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வுகூடத்தின் பின்புறத்தில் செங்கற் குவியலைப் பிரித்தபோது, அப்படி ஒரு தாயைக் கண்டோம். அன்றைய பாடத்தை நான் நடத்தவில்லை; அதுவே நடத்திற்று. ஊதாக்கடந்த ஒளி தரும் சிறு விளக்கொன்றை இருட்டில் தேளின்மேல் பிடித்தால், உடம்பு முழுவதும் பச்சை கலந்த நீலமாக ஒளிரும். இதனை மாணவர்க்குக் காட்டியபோது பின்வரிசைக் குறும்பர்களும் வாயடைத்து நின்றார்கள்.

எனினும் ஓர் எச்சரிக்கை. இந்தியச் செந்தேள் நட்டுவக்காலிபோல் பெரியதன்று; ஆனால் உயிரைக் குடிக்கவல்லது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது இருக்கிறது. இந்தியாவிலே இதன் கொட்டினால், சிறப்பாகக் குழந்தைகள், இறந்திருக்கிறார்கள். மகாராஷ்டிர மாநிலத்தில் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், இரத்த அழுத்தத்துக்கு வழங்கும் பிரசோசின் என்ற சாதாரண மருந்து இவ்விஷத்தின் கொடுமையைத் தணிப்பதை 1980களில் உலகுக்குக் காட்டினார். 2022இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. பெரிய நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அன்று, கிராமத்து நோயாளியின் கட்டிலருகே இருந்து கண்ட உண்மை அது. ஆகவே பிள்ளைகளே, செங்கல்லைப் புரட்டித் தேள் தேடப் புறப்பட வேண்டாம். தேள் கொட்டினால் மந்திரித்துக் காலம் போக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புலிமுகச் சிலந்தியும் விளையாட்டுக்குரியதன்று. அது கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான சான்றில்லை. ஆனால் கடித்த இடத்தில் கடுமையான வேதனையும், பின்னர் தசைகள் முறுக்கிப் பிடிக்கும் வலியும் உண்டாகும். சிலருக்கு அது நாட்கணக்கில் நீடிக்கும். இதற்கென மாற்றுமருந்தும் இல்லை. அமெரிக்காவின் மந்தமான சிலந்திகளோடு பழகிய கையை இதனிடம் நீட்டினால் தெரியும் சேதி. கண்மூடித் திறப்பதற்குள் சுவரின் அடியிலிருந்து கூரைக்கு ஓடிவிடும். பையனின் முதற் கேள்விக்கு விடை பாதி இதிலேயே அடங்கிவிட்டது.

இரண்டாவது கேள்வி, விற்கலாமா என்பது. இங்கே சிறிது விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. சிலந்தியைப் போத்தலில் அடைத்து விற்பதால் என்ன குறைந்துவிடும், ஊரிலே எத்தனையோ சிலந்திகள் உள்ளனவே என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி. எத்தனை உள்ளன என்பதுதான் விஷயம்.

ஆந்திரப் பிரதேசத்திலே கூட்டி என்ற ஊர் உண்டு, புகையிரதச் சந்தி. அங்கே நீலமணிபோல் ஒளிரும் ஒரு சிலந்தி பிடிபட்டு லண்டனுக்குச் சென்றது. பொகொக் என்ற அறிஞர் 1899இல் அதற்கு ‘மெற்றாலிக்கா’ என்று பெயரிட்டார். அப்புறம் நூறாண்டு காலம் அதனைக் கண்டவர் இல்லை. 2001இல், கூட்டிக்குத் தொலைவிலே நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடியும் கண்டுபிடித்தார்கள். முதலாவது சிலந்தி புகையிரதத்தில் ஏற்றிய மரக்கட்டைகளோடு கூட்டிக்கு வந்திருக்க வேண்டுமென்று இப்போது எண்ணுகிறார்கள். கண்டுபிடித்த செய்தி வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் அந்த நீலச் சிலந்தி மேலைநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் பெருகிவிட்டது. அது இயற்கையாக வாழும் காடோ சின்னஞ்சிறு துண்டு. அங்கே அது மிகவும் அருகிய உயிர். வெளிநாட்டிலே பிறந்து வளர்ந்த நீலச் சிலந்திகள் எத்தனை ஆயிரம் இருந்தாலும் நந்தியால் காட்டில் ஒரு பொந்துகூட அவற்றால் நிரம்பப் போவதில்லை.

நமக்கு இன்னும் அண்மையில் இராமேசுவரம். அங்கே ஒரு கோயிற்றோப்பின் பெயரையே தாங்கி ‘ஹனுமவிலாசுமிக்கா’ என்றொரு புலிமுகச் சிலந்தி 2004இல் அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டில், 2008இல், அழிவின் விளிம்பிலுள்ளவற்றின் பட்டியலில் அதன் பெயர் ஏறிற்று. பின்னர் மன்னாரிலும் அது வாழ்வதை நம் நாட்டு ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அநுமான் தாண்டிய கடலை அச்சிலந்தி எப்படித் தாண்டிற்று? கடல் தாழ்ந்து நிலம் தொடர்ந்திருந்த காலத்தில் நடந்தே வந்திருக்கக்கூடும். எவ்வாறாயினும், பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே குடும்பம் பிரிந்து வாழ்வது சிலந்திக்கும் நேர்ந்திருக்கிறது.

மாங்குளத்துச் செய்தி இவற்றிலெல்லாம் என் மனத்தைத் தொட்டது. யுத்தம் ஓய்ந்த 2009ஆம் ஆண்டில், அப்பகுதி மக்கள் அடித்துக் கொன்ற ஓர் ஆண் சிலந்தி ரணில் நாணயக்கார என்ற ஆராய்ச்சியாளரின் கைக்கு வந்தது. அறிந்த எந்த இனத்தோடும் அது பொருந்தவில்லை. அவரும் கூட்டாளிகளும் மரம் மரமாகத் தேடினர். பெண்ணும் குஞ்சுகளும் அகப்பட்ட இடங்களுள் ஒன்று மாங்குளம் ஆஸ்பத்திரியின் பழைய வைத்தியர் விடுதி. காடு அழிய அழிய, பழமரங்களின் பொந்து கிடைக்காமல், கைவிடப்பட்ட மனித வீட்டுக்குள் குடியேறியிருந்தன போலும். 2012இல் புதிய இனமாக அறிவித்தபோது, போர் நடந்த அந்த நிலத்தில் தமக்கு வழிகாட்டி உதவிய பொலிஸ் பரிசோதகர் மைக்கேல் ராஜகுமார் புராஜா அவர்களின் பெயரால் ‘ராஜேயி’ என்று பெயரிட்டனர். அடித்துப் போட்ட ஒரு செத்த சிலந்தியை எவரோ தூக்கியெறியாமல் எடுத்து வைத்ததனால் வந்தது இவ்வளவும்.

இனிச் சட்டம். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் உள்ளது. அனுமதியின்றிக் காட்டுயிரை நாட்டைவிட்டுக் கடத்துவது குற்றம். ஆனால் கடல் தாண்டிவிட்ட பிராணியை அங்கே விற்பதைத் தடுக்க நம் சட்டத்துக்குக் கை எட்டாது. அதனால் இலங்கையும் அமெரிக்காவும் சேர்ந்து, இந்தப் பேரினம் முழுவதையும் சைட்டிஸ் என்ற சர்வதேச வர்த்தக உடன்படிக்கையின் கீழ்க் கொண்டுவர முயன்றன. 2000ஆம் ஆண்டு மாநாட்டில் வைத்த பிரேரணை கைவிடப்பட்டது. 2018இல் அமெரிக்கா தன் உள்நாட்டுச் சட்டத்தின்படி இலங்கையின் ஐந்து புலிமுகச் சிலந்தி இனங்களை அருகிவரும் உயிர்களாக அறிவித்தது. நம் ‘பசியாத்தா’வும் அவற்றுள் ஒன்று. அடுத்த ஆண்டு உடன்படிக்கை நாடுகளின் மாநாடு கொழும்பிலேயே நடப்பதாக இருந்தது. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளால் அது ஒத்திவைக்கப்பட்டு, ஓகஸ்ட் மாதத்தில் ஜெனீவாவில் கூடிற்று. அங்கே பிரேரணை ஏற்கப்பட்டது. இன்று எந்த நாட்டுக்கும் இச்சிலந்தியைப் பத்திரமின்றிக் கொண்டுசெல்லுதல் சட்டவிரோதம். மெக்சிக்கோவின் செம்முழங்காற் சிலந்திக்கு 1985இலும், சக்கரவர்த்தித் தேளுக்கு 1995இலும் கிடைத்த பாதுகாப்பு, நம் சிலந்திக்கு இத்தனை காலஞ்சென்று கிடைத்தது.

சட்டத்தைச் சொன்னதும் பையனின் முகம் சுருங்கிற்று. குற்றம் என்ற ஒரு சொல்லால் பிள்ளைகளின் வாயை அடைப்பது எங்கள் தொழிலிலே எளிது. அதில் எனக்கு மகிழ்ச்சியில்லை. எனவே கணக்கைப் போட்டுக் காட்டினேன். அலைந்து திரியும் ஆணைப் பிடித்தால், அது சில மாதத்தில் எப்படியும் மடியப் போவது. ஆனால் வாங்குபவன் விரும்புவது பெரிய பெண்ணை. அது பருவமடையவே இரண்டு மூன்று ஆண்டு செல்லும். அதன்பின் ஆண்டுதோறும் ஒரே பொந்திலிருந்து குஞ்சுகளை வெளியே அனுப்பிக்கொண்டிருக்கும். அந்த ஒன்றை எடுத்தால் ஒரு தோட்டத்தின் சந்ததியே போய்விடக்கூடும். கூடி வாழும் குஞ்சுகளையும் ஒரே கையில் அள்ளிவிடலாம். “கோழியை விற்றால் முட்டை வராது என்பதுபோல, சேர்” என்றான். அவன் சொன்னது என்னுடையதைவிட நல்ல விளக்கம்.

ஆயினும் நம்மை நாமே புனிதராக்கிக்கொள்ள முடியாது. வெளிநாட்டான் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பத்தாண்டு உணவூட்டிக் காக்கிறான். நாம் கண்ட இடத்தில் தும்புத்தடியால் நசுக்குகிறோம். சிலந்தியின் பக்கத்தில் நின்று பார்த்தால் இருவரில் எவன் கொடியவன்? திருவானைக்காவில் சிவலிங்கத்தின்மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாயிற்று என்று புராணம் படிக்கிறோம்; காளத்தித் தலத்தின் பெயரிலேயே சிலந்திக்கு ஓர் எழுத்தைக் கொடுத்திருக்கிறோம். வீட்டுச் சுவரில் வந்தால் மாத்திரம் நம் சைவம் ஓடிவிடுகிறது. என் கையாலும் இரண்டோ மூன்றோ மாப்பிள்ளைகள் மாண்டிருக்கின்றன. அவை எவை என்று அன்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவுமில்லை. மேலைநாட்டு வளர்ப்போரிடம் எனக்குள்ள மனத்தாங்கல் ஒருபுறமிருக்க, இச்சிலந்தி எத்தனை முறை சட்டையுரிக்கும், குஞ்சுகளை எவ்வாறு காக்கும் என்பவற்றில் பலவற்றை அவர்கள் கண்விழித்துக் குறித்து வைத்ததனாலேயே நான் இன்று வகுப்பில் சொல்ல முடிகிறது. அதன் பிறந்த ஊரில் இருக்கும் நாம் குறித்து வைத்தது என்ன?

அன்று மாலையே போத்தலை எடுத்துக்கொண்டு இருவரும் தோட்டத்துக்குப் போனோம். அடைத்து வைக்க நமக்கு உரிமையுமில்லை. போத்தலின் உட்புறத்தில் நீராவி படிந்து துளி துளியாய் இறங்கத் தொடங்கியுமிருந்தது. பையனின் தந்தையார் தூரத்திலிருந்து, “மாஸ்டர், கவனம்! போன வருஷம் எங்கட ஆள் ஒருவரைக் கடித்து மூன்று நாள் வேலைக்கு வரேல்லை” என்று கூவினார். ஏணி வைத்து, போத்தலின் வாயைப் பொந்தருகே பிடித்து, நீண்ட ஈர்க்கினால் பின்னாலிருந்து மெதுவாகத் தொட்டான் பையன். முதலில் முன்னங்கால்களைத் தூக்கி மஞ்சளைக் காட்டிற்று. பிறகு ஒரே ஓட்டம். பொந்துக்குள் போனதை நான் பார்த்தேன் என்று சொல்வதைவிட, போத்தல் வெறுமையானதைப் பார்த்தேன் என்பதே சரி.

அதன்பின் மூன்று வாரமாகப் பையன் ஒரு பயிற்சிக் கொப்பியில் குறிப்பெழுதி வருகிறான். இரவு ஏழரைக்கும் எட்டுக்கும் இடையில் சிவப்புத்தாள் சுற்றிய டோர்ச் வெளிச்சத்தில், ஏணியில்லாமல், தரையில் நின்றபடியே. நான்கு இரவு வாசலில் கண்டிருக்கிறான். ஓரிரவு வாயில் கரப்பான். மழை பெய்த இரண்டு நாளும் காணவில்லை. சென்ற செவ்வாயன்று பொந்தின் வாயிலில் வெண்பட்டுத் திரைபோல் ஏதோ இழைத்திருப்பதாக எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான். உள்ளே முட்டைப் பையா, சட்டையுரிக்கும் ஆயத்தமா? எனக்கும் தெரியவில்லை.

ஒரு சிக்கல் மாத்திரம் தீரவில்லை. பட்ட தென்னையை நிற்கவிடக் கூடாது என்பது தென்னைப் பயிர்ச்செய்கையின் பாலபாடம். உக்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகி, நல்ல மரங்களின் குருத்தைக் குடையும். தோட்டத்துச் சொந்தக்காரர் அந்த மரத்தையும் வேறு ஆறேழு மரங்களையும் வெட்டி எரிக்கத் தீர்மானித்திருக்கிறார். அவருடைய நியாயத்தை மறுக்க என்னிடம் வார்த்தையில்லை. பையனும் நானும் போய்க் கேட்டோம். ஒரு சிலந்திக்காகவா என்று முதலில் சிரித்தார்; கொப்பியை வாங்கி இரண்டு பக்கம் புரட்டினார். மற்ற மரங்களை வெட்டிவிட்டு, இதனை அடுத்த தேங்காய் பறிப்பு வரையில் விட்டு வைப்பதாகச் சொன்னார். அது இரண்டு மாதத் தவணை. அதற்குள் வேலியோரத்து உயிருள்ள மரமொன்றில், பழைய மரப்பெட்டியால் பொந்துபோல் ஒன்று செய்து கட்டிப் பார்க்கலாமா என்று பையன் கேட்கிறான். சிலந்தி அதனை ஏற்குமோ என்னவோ, பலகை தேடிக்கொண்டிருக்கிறோம்.